கொடியில் ஆடிய இரட்டைக்குழல்

கொடியில் என்னென்ன தொங்கலாம் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. லுங்கி தொங்கலாம். பிள்ளையின் கவுன் தொங்கலாம். மாமியார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய கருவாடு தொங்கலாம். எங்கள் கொடியில் தொங்கியும் இருக்கிறது. அன்றைக்கு அஃபீஃபாவின் பூப்போட்ட கவுனுக்கும் என் கட்டம்போட்ட லுங்கிக்கும் நடுவில் தொங்கியது, அர்பாபின் துப்பாக்கிக் குழல்.

இரட்டைக் குழல். இத்தாலியில் செய்தது. என்னையும் என் தம்பிமாரையும் சேர்த்து விற்றாலும் அதன் ஒரு குழலுக்குத் தேறாது. அதை என் பழைய பனியன் இரண்டில் தொட்டில் கட்டி வெயிலில் ஆட விட்டிருந்தாள் என் பொண்டாட்டி. காற்றுக்கு அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தாலாட்டு ஒன்றுதான் பாக்கி.

என் கையிலிருந்த அல்வா டப்பா கீழே விழுந்தது. நானும் விழுந்திருப்பேன். சுவர் பிடித்துக்கொண்டது.

நடந்ததைச் சொல்வதற்குமுன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். செய்கு அலாவுதீன். ஊர் கீழக்கரை. மஸ்கட்டில் ஒரு அர்பாபிடம் டிரைவர். அர்பாப் என்றால் முதலாளி. விசா, சம்பளம், லீவு, மூச்சு எல்லாம் அவர் கையில். அவருடைய வில்லாவின் பின்மதிலை ஒட்டி இரண்டு அறைகள். ஒன்றில் நான், மெஹர்பானு, மூன்று வயது அஃபீஃபா. இன்னொன்றில் இரண்டாவது டிரைவர் மணிகண்டன், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். நடுவில் ஒரு ஸ்டோர். அந்த ஸ்டோர்தான் என் சாம்ராஜ்யம்.

அர்பாபுக்கு வேட்டை என்றால் உயிர். இங்கே அதற்கு வழியில்லை என்பதால் விமானம் ஏறிப் போய்க் கௌதாரி சுடுவார். சுடுவது அரை நாள் வேலை. சுட்ட துப்பாக்கியைத் துடைத்து, துவட்டி, எண்ணெய் தேய்த்துத் தூங்கவைப்பது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலை அந்த வில்லாவில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். துபாயில் துப்பாக்கி பழுது பார்க்கும் இத்தாலிக்காரர் ஒருவரிடம் அர்பாப் என்னை நாள் பூராவும் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் செய்தார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக ராஜாவாக இருக்கிறேன்.

தெரிந்த தொழிலைப் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் வளைகுடாவில் நிலைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் ஸ்டோர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் வேலை செய்வேன். மணிகண்டன் ஒருமுறை கதவைத் தட்டி, நானும் பார்க்கட்டுமா அண்ணாச்சி என்று கேட்டான். உள்ளே வருகிற மருந்து வாடை கல்யாணமாகாத பையன்களுக்கு ஆகாது என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அவன் ஸ்டோரைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன்.

மெஹரின் தங்கச்சி அப்ஸானாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அதே வாரம் அர்பாபுக்கு மொராக்கோவில் வேட்டை. ஸ்பெயினுக்குப் போயிருந்த அர்பாப் அங்கிருந்து போன் செய்து, இங்கே ஒரே மழை, துப்பாக்கியைத் துடைக்கத் தெரிந்த ஆள் ஒருத்தன் இல்லை, அடுத்த தடவை நீயும் கூட வா என்று சொல்லிவிட்டார். போனை வைத்ததும் என் கால் தரையில் இல்லை. பனிமலை. பெரிய ஹோட்டல். எட்டுப் பாக்கெட் வைத்த வேட்டைச் சட்டை. கையில் நாலு கௌதாரியைத் தூக்கிப் பிடித்தபடி அர்பாபுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. அதை ஸ்டேட்டஸில் போட்டால் கீழக்கரை ஒரு மாதம் வேறு பேச்சுப் பேசாது.

கல்யாணத்தில் எனக்கு என்ன இருக்கிறது? எங்கள் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். புது மாப்பிள்ளை வந்துவிட்டால் மாடியில் இருக்கிற ஏசி அறை அவருக்கு. பழைய மாப்பிள்ளைக்குக் கூடத்தில் பாய். பகலெல்லாம் வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் சஹன் தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மெஹரின் மூன்று மாமன்மார் நாற்காலியில் உட்கார்ந்து, மூத்த மாப்பிள்ளை மெதுவாக நடக்கிறார் பார் என்று சொல்வதைக் காதில் வாங்காதது மாதிரி வாங்க வேண்டும்.

எனவே நான் ஒரு முடிவு எடுத்தேன். முடிவை மெஹரிடம் முடிவாகச் சொல்லாமல் வருத்தமாகச் சொன்னேன்.

"லீவு கேட்டீங்களா மச்சான்?"

"கேட்டேன். மாஃபி, கிடையாதுன்னுட்டார்."

"ஏனாம்?"

"துப்பாக்கிய யாரு துடைப்பான்னு கேக்குறார். எனக்கே அழுகை வந்துருச்சு புள்ள."

அர்பாபிடம் நான் வாயே திறக்கவில்லை என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். மெஹர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"துடைக்க வேற ஆள் இருந்தா விட்டுருவாரா?"

"தாராளமா விட்டுருவார். ஆள்தான் இல்லையே."

"ஆமா, இல்லதான்" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள். அழவில்லை. மூக்கைச் சிந்தவில்லை. உம்மாவுக்குப் போன் போடவில்லை. ஒரு பொம்பளை இவ்வளவு லேசாக விட்டால் ஆண்பிள்ளை உஷாராக வேண்டும். நான் மொராக்கோவில் குளிருமா என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்பெயினிலிருந்து அர்பாப் வந்து இறங்கினார். பெட்டிகள் இரண்டு, துப்பாக்கிகள் இரண்டு, இரண்டிலும் அந்த நாட்டு மழை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டோர் மேஜையில் வைத்து நான் சட்டைக் கையை மடிக்கிறேன், அர்பாபின் சம்சாரம் மேடம் கூப்பிட்டு ரூவிக் கடைத்தெருவுக்குப் போய் அல்வா வாங்கி வரச் சொன்னார். இப்போதேவா என்றேன். இப்போதேதான் என்றார். மேடம் சர்க்கரை வியாதிக்காரர். அவருக்குத் திடீரென்று அல்வா ஆசை ஏன் வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மெஹரிடம் ஸ்டோர் சாவியைக் கொடுத்து, பெட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பிரியாணி மாஸ்டரிடம் விட்டுப்போனவன் நான்தான்.

"மெஹரு, இது என்னது?"

"பாத்தா தெரியலையா? ஈரமா இருந்துச்சு. காயப்போட்டேன்."

"வெயில்லயா?"

"பின்ன ஃப்ரிட்ஜ்லயா?"

பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் குழலை இறக்கினேன். வெயிலில் வெளிப்பக்கம் காயும், உள்ளே காயாது, கடல் காற்று வேறு, சாயங்காலத்துக்குள் துரு பிடித்துவிடும் என்று சொன்னேன்.

"அப்ப உள்ள எப்படிக் காய வைக்கிறது?"

"காஞ்ச துணிய உள்ள விட்டு இழுக்கணும்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து மச்சான்?"

"தோட்டா போடுற பக்கத்துலேர்ந்து. வாய்ப்பக்கத்துலேர்ந்து விட்டா வாய் தேஞ்சிரும், குறி கலைஞ்சிரும்."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

குழலை ஏந்திக்கொண்டு ஸ்டோருக்குள் ஓடினேன். மேஜையில் ஒரு சட்டி. சட்டிக்குள் புளி ஊறிக்கொண்டிருந்தது. சட்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது துப்பாக்கியின் குழல். அதற்குப் பக்கத்தில் தேங்காய் நார் ஒரு கைப்பிடி.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இந்தப் புளி எதற்கு என்று கேட்டேன்.

"கருப்பா இருக்குல்ல. புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துரும். எங்க வீட்டு அண்டாவெல்லாம் எப்படி இருக்கும், பாத்துருக்கீங்கல்ல."

அவள் சொன்ன கறுப்பு, அழுக்கு இல்லை. அந்தக் கருநீல மெருகை ஏற்றத்தான் இத்தாலியில் ஆசாரிகள் வாரக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். இரும்புக்கு அது தோல். புளி பட்டால் தோல் உரிந்துவிடும். அர்பாப் தன் துப்பாக்கியை ஈயம் பூசின சட்டி மாதிரிப் பார்ப்பார். அடுத்து என் தோலைப் பார்ப்பார்.

இதையெல்லாம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். புளி கூடாது, எலுமிச்சை கூடாது, வினிகர் கூடாது, பாத்திரச் சோப்பு கூடாது, நார் கூடவே கூடாது. வெளிப்பக்கத்துக்கு மெல்லிய துணியில் இரண்டு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். அதிகம் தடவினால் தூசி ஒட்டும். கடைசியாகத் துடைத்தபிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. விரல் வியர்வை பட்ட இடத்தில் விரல் அடையாளத்தோடு துரு ஏறும்.

"வெறும் வேர்வைக்கேவா?"

"வேர்வையில உப்பு இருக்குல்ல."

"ரொம்பச் சொகுசான சாமான்தான்" என்று சொல்லிக்கொண்டே மெஹர் இடுப்பிலிருந்து ஒன்றை உருவினாள். அஃபீஃபாவின் பால் பாட்டில் கழுவுகிற பிரஷ். சிவப்புப் பிடி, உச்சியில் மஞ்சள் பஞ்சு. குழலின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். அளவு பார்க்கிறாளாம்.

நான் குறுக்கே கையை நீட்டினேன். நீட்டிய கையில் பிரஷ் பட்டுப் பால் வாடை அடித்தது. உலகத்தின் எந்த மூலையிலாவது எந்த வேட்டைக்காரனுக்காவது இது நடந்திருக்குமா?

"அப்ப வேற எதால தேய்க்கிறது?"

சொன்னேன். வேறு வழியில்லை. சொல்லாவிட்டால் அவள் அடுத்து எதை எடுப்பாளோ என்று பயமாக இருந்தது. தகரப் பெட்டியைத் திறந்து கம்பியை எடுத்தேன். மூன்று துண்டுகளை முறுக்கிச் சேர்த்தால் ஒரு நீளக் கம்பி. அதன் நுனியில் முதலில் துணி, ஈரம் எடுக்க. பிறகு மருந்து தடவி ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா விட வேண்டும், கரி இளகும். பிறகு வெண்கலப் பிரஷ், ஒரே போக்கில் முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வர வேண்டும். நடுவழியில் திருப்பினால் முள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பிறகு திரும்பவும் துணி, வெள்ளையாக நுழைந்த துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை. கடைசியில் எண்ணெய், நாக்கில் தேன் தடவுகிற அளவு.

சொல்லச் சொல்லச் செய்தும் காட்டினேன். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அவளையும் எட்டிப்பார்க்கச் சொன்னேன். உள்ளே வட்டம் வட்டமாக வெளிச்சம் ஓடியது. சுபஹானல்லாஹ் என்றாள். என் நெஞ்சு விரிந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் எந்த வேலையைப் பார்த்தும் அவள் சுபஹானல்லாஹ் சொன்னதில்லை.

அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. குழல் இரண்டும் இங்கே இருக்கின்றன. விசையும் பூட்டும் வைத்த பின்பாகம் இரண்டும், கட்டையோடு சேர்த்து, எங்கே?

"அதுவா? அரிசிக்குள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"அரிசி மூட்டைக்குள்ள. உங்க போன் தண்ணியில விழுந்தப்ப அரிசிக்குள்ளதான புதைச்சு வச்சோம்? ஈரத்தையெல்லாம் உறிஞ்சிருச்சுல்ல? அதே மாதிரி."

பாஸ்மதி மூட்டை மூலையில் நின்றது. அதன் வாயிலிருந்து அக்ரூட் மரக்கட்டை நுனிகள் இரண்டு எட்டிப்பார்த்தன. அந்தக் கட்டையின் ரேகையைக் காட்டி அர்பாப் வருகிறவர்களிடமெல்லாம், நூறு வருஷத்து மரம் என்று பெருமை பேசுவார். பூட்டின் பக்கத் தகட்டில் கௌதாரி பறப்பது மாதிரிச் சித்திரம் செதுக்கியிருக்கும். அந்தக் கௌதாரி இப்போது அரிசி கொத்திக்கொண்டிருந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். தரையில்தான். அஃபீஃபா வந்து என் தலையைத் தடவி, "வாப்பாக்கு உவ்வாவா?" என்று கேட்டது.

மூட்டைக்குள் கைவிட்டு இரண்டையும் எடுத்தேன். நல்லவேளை, பாலித்தீன் உறை சுற்றியிருந்தது. உறை சுற்றினால் அரிசி எப்படி ஈரம் உறிஞ்சும் என்று எந்த முட்டாளுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. பொறிக்குள் ஒரு குறுணை போனாலும் சிக்கிக்கொள்ளும், இதைப் பழைய பல் பிரஷால் சந்துசந்தாகத் தட்டி, கீல் இருக்கும் இடத்தில் மட்டும் பட்டாணி அளவு கிரீஸ் வைக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே செய்தேன். கட்டைக்கு அவள் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தபோது எனக்கு அதிரவும் தெம்பில்லை. அது ஊறிப் பிசுபிசுத்து வாடை வரும், கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று சொட்டு, உள்ளங்கையால் சூடு ஏறத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"பெட்டியில வச்சு மூடிறவா?"

"மூடாத, மூடாத. பெட்டிக்குள்ள ஈரம் நிக்கும். அலமாரியில வைக்கணும். அதுவும் குழல் வாய் கீழ, கட்டை மேல. நேரா நிறுத்துனா எண்ணெய் வடிஞ்சு மரத்துக்குள்ள இறங்கிரும்."

"தலைகீழாவா?"

"தலைகீழா."

இது மட்டும் இத்தாலிக்காரர் கடைசியாக, நான் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்ன ரகசியம். வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

முதல் துப்பாக்கி முடிந்தது. இரண்டாவதை எடுத்தேன். நீங்க உக்காருங்க, களைச்சுப் போயிட்டீங்க, நான் செய்றேன், தப்பா செஞ்சா சொல்லுங்க என்றாள். எனக்கு உண்மையிலேயே முதுகு விண்விண்ணென்றது. நாற்காலியில் சாய்ந்து, இத்தாலிக்காரர் மாதிரிக் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். அவள் செய்தாள். ஒரு தப்பு வரவில்லை. நான் பாதி மறந்துபோயிருந்த ஒரு திருகை, இத அவுக்கலயே மச்சான் என்று அவளே கேட்டாள். பரவாயில்லையே, உனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று பாராட்டினேன்.

அன்றைக்குச் சோற்றுக்கு அய்லா மீன் குழம்பு. புளிப்பு தூக்கலாக, அருமையாக இருந்தது. மூன்றாவது கரண்டியில்தான் எனக்கு உறைத்தது. ஸ்டோரில் ஊறிக்கொண்டிருந்த புளி எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"இந்தா சாப்பிடுறீங்கல்ல" என்றாள். "குழம்புக்குத்தான ஊற வச்சேன். இன்னொரு கரண்டி ஊத்தட்டா?"

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அர்பாப் குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்து, இதில் முகம் பார்த்துத் தாடி ஒதுக்கலாம் என்றார். மொராக்கோ நிச்சயம் என்று நான் கடைக்குப் போய் ஒரு வேட்டைச் சட்டை வாங்கினேன். எட்டுப் பாக்கெட் கிடைக்கவில்லை. ஆறுதான்.

அடுத்து ஒருநாள் அர்பாபை ஸொஹாருக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தேன். வீட்டில் என்ன விசேஷம் என்று மெஹரிடம் கேட்டேன். ஒன்றும் இல்லை, மேடத்தோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றாள். மேடத்துக்கு அரபி, மெஹருக்குத் தமிழ். இருவரும் பேசிக்கொள்வது ஒருவகை உருது. அந்த உருது எந்த நாட்டிலும் செல்லாது. ஆனால் காரியம் நடக்கும்.

காரியம் நடந்தது. ஒரு வாரம் கழித்து அர்பாப் மஜ்லிஸுக்குக் கூப்பிட்டார். அந்தப் பெரிய வரவேற்பறையில் பாஸ்போர்ட் விஷயமாகத்தான் பேசுவார் என்று தலையை வாரிக்கொண்டு போனேன்.

கம்பளத்தின்மேல் வெள்ளை விரிப்பு. விரிப்பின்மேல் இத்தாலித் துப்பாக்கி, பாகம் பாகமாக. அதற்கு முன்னால் சம்மணம் போட்டு மணிகண்டன். கையில் துணி சுற்றிய கம்பி.

நான் வாசல் நிலையிலேயே நின்றுவிட்டேன். மணிகண்டன் ஆரம்பித்தான். தோட்டா போடும் பக்கத்திலிருந்து துணி. மருந்து. ஒரு டீ குடிக்கிற நேரம். வெண்கலப் பிரஷ், நடுவழியில் திருப்பாமல். நாக்கில் தேன் தடவுகிற அளவு எண்ணெய். கீலுக்குப் பட்டாணி அளவு கிரீஸ். கட்டைக்கு மூன்று சொட்டு. எல்லாம் என் வார்த்தை. என் பட்டாணி. என் தேன். கடைசியில் துப்பாக்கியைப் பூட்டி, கையுறை போட்டு எடுத்துப்போய், அலமாரியில் தலைகீழாக நிறுத்தினான்.

தலைகீழாக. இத்தாலிக்காரர் வாசலில் வைத்துச் சொன்னது.

"டேய், இதெல்லாம் எப்படிடா உனக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக் குடுக்கச் சொன்னியளாம்லா அண்ணாச்சி? அக்கா சொன்னாவ. மேடம் அலமாரியத் தெறந்து குடுத்தாவ, அக்கா ஒக்காந்து காட்டுனாவ. மருந்து வாடை ஒண்ணும் செய்யாதுன்னும் சொன்னாவ. ஒங்க மனசு யாருக்கு அண்ணாச்சி வரும்?" அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியிருந்தது. காரணம் வேறு.

அர்பாப் எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஊரில் நிக்காஹை வைத்துக்கொண்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மேடம் சொல்லித்தான் தெரியும் என்று கடிந்துகொண்டார். தெரிந்த வேலையை எல்லாரும் ஒளித்து வைப்பார்கள், நீ ஆள் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் லீவு கேட்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாய், உன்னைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை என்றார்.

என்ன சொல்ல முடியும்? இல்லை அர்பாப், நான் ஒளித்துத்தான் வைத்தேன், என் பொண்டாட்டி பிடுங்கிக்கொண்டாள் என்றா? மாட்டேன், எனக்கு நிக்காஹ் வேண்டாம், கௌதாரிதான் வேண்டும் என்றா? அவர் என் முதுகைத் தட்டத் தட்ட நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

"கலாஸ்" என்றார், பேச்சு முடிந்தது என்று. "நீ ஊருக்குப் போ. மணி மொராக்கோ வரட்டும்."

அறைக்கு வந்தேன். மெஹர் அஃபீஃபாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி பாதி அடுக்கியிருந்தது. என் ஆறு பாக்கெட் சட்டை அதில் இல்லை. மணிகண்டன் அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாகிவிட்டதாம்.

"கொடியில கட்டித் தொங்கவிட்டது வேணும்னே செஞ்சதா?"

"தொங்கவிடுறதுக்கு முன்னாலயே துடைச்சுட்டேன் மச்சான். அவ்வளவு பெறுமதியான சாமான ஈரத்தோட போடுவேனா?"

"அந்தப் பிரஷ்?"

"காட்டுனேன். உள்ள விட்டேனா?"

"அல்வா?"

"மேடத்துக்கு அல்வாவே ஆகாதே. நீங்க போட்டுட்டு வந்த டப்பாவ மணிகண்டன்தான் தின்னுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. புருஷனை ஏமாற்றிவிட்டாய், என் வாயாலேயே என் வேலையைப் பிடுங்கிவிட்டாய் என்று குரலை உயர்த்தினேன். அவள் குரல் உயரவில்லை. அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"துடைக்க ஆளில்லன்னு சொன்னது நீங்க. நான் ஆள் தேடிக் குடுத்தேன். கேட்டுப் பாத்தா இவ்வளவு லேசா விட்டுருப்பார்னு தெரியாம நீங்கதான் அழுதீங்க, பாவம். அப்ஸானாவுக்கு வாப்பா இல்ல. மூத்த மச்சான்தான் முன்னால நிக்கணும்னு அவ நாலு தடவ போன் பண்ணிட்டா. நீங்க வராம நான் என்ன சொல்லிட்டுப் போய் அவ பக்கத்துல நிப்பேன்?"

கேட்டுப் பாத்தா என்ற இடத்தில் அவள் கொஞ்சம்கூட அழுத்தவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. தெரிந்திருக்கிறது. பூண்டு உரிக்கும்போதே தெரிந்திருக்கிறது. நான் உட்கார்ந்து, அஃபீஃபா மிச்சம் வைத்த சோற்றைச் சாப்பிட்டேன்.

ஊருக்குப் போனோம். புது மாப்பிள்ளை ராஜிக் நல்ல பையன். மாடி ஏசி அறைக்குள் போய்விட்டான். நான் கூடத்தில் பாயில். சஹன் தூக்கித் தூக்கித் தோள் இறங்கிவிட்டது. மாமன்மார் மூன்று பேரும் நாற்காலியில். நிக்காஹ் முடிந்து அப்ஸானா வந்து, மச்சான் வந்ததே போதும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது மட்டும் எனக்கு மொராக்கோ ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. ஒரு நிமிஷம்தான். அதற்குள் கை தானாகப் போனைத் திறந்துவிட்டது.

மணிகண்டனின் ஸ்டேட்டஸ். பனிமலை. பெரிய ஹோட்டல். என் ஆறு பாக்கெட் சட்டை. அர்பாபுக்குப் பக்கத்தில், இரண்டு கையிலும் கௌதாரி. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவப் பையன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறான்.

தாங்க முடியாமல் மெஹரிடம் நீட்டினேன். பார்த்துச் சிரித்தாள். அதோடு விடுவாள் என்று பார்த்தால், தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். மேடம் அனுப்பிய குரல் பதிவு, அந்தச் செல்லாத உருதுவில். எனக்கு முழுசாகப் புரியவில்லை. அடிக்கடி மெஹர், மெஹர் என்று வந்தது மட்டும் கேட்டது. என்னவாம் என்றேன்.

"தை மாசம் துருக்கியில வேட்டையாம். மேடமும் சுடப் போறாங்களாம். அவங்க துப்பாக்கிய ஆம்பளைங்க தொடக் கூடாதாம், நான்தான் வந்து துடைக்கணுமாம். என் பாஸ்போர்ட் காப்பிய நாம கிளம்புறதுக்கு முன்னாலயே வாங்கி வச்சுட்டாங்க."

அவள் அஃபீஃபாவை இழுத்து என் முன்னால் உட்கார வைத்து, சீப்பை என் கையில் திணித்தாள்.

"பத்து நாள் நீங்கதான் பாத்துக்கணும் மச்சான். ரெட்டைச்சடை போட ஒரு தடவ சொல்லித் தர்றேன், கவனிச்சுக்கோங்க."